பெயர் தெரியாத கைப்பேசி: வாங்கலாமா, வேண்டாமா?

(பத்தாம் வகுப்பு மாணவி)

மண்பானை வாங்கச் செல்லும் நம் பாட்டிமார், அதை விரலால் சுண்டிப் பார்க்காமல் காசை எடுப்பதில்லை. புடவை வாங்கும் அன்னையர், முந்தானையை விரித்து, கரையைத் திருப்பி, சாயம் போகுமா என்று வினவிய பின்பே விலை பேசுகின்றனர். கத்தரிக்காயைக்கூடக் காம்பைப் பார்த்தே கூடையில் இடுகின்றோம். ஆனால் ஒரு குடும்பத்தின் ஒரு மாத வருமானத்தையே விழுங்கிவிடக்கூடிய கைப்பேசியை வாங்கும்போது மட்டும், விளம்பரத்தையும் பெட்டியின் பளபளப்பையும் கடைக்காரரின் இனிய மொழியையும் நம்பி நம்மில் பலர் முடிவு செய்துவிடுகின்றோம். இது விந்தையன்றோ?

1973ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், நியூயார்க் நகரத் தெருவில் நின்றபடி மோட்டரோலா நிறுவனப் பொறியாளர் மார்ட்டின் கூப்பர் உலகின் முதல் கைப்பேசி அழைப்பைச் செய்தார். நம் நாட்டில் 1995 ஜூலை 31 அன்று, மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து, தில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் கைப்பேசியில் பேசினார். அன்று அது செல்வந்தரின் ஆடம்பரப் பொருள். இன்றோ, அதுவே வீட்டின் தபால்பெட்டி; அதுவே வங்கிப் புத்தகம்; சமையல் எரிவாயு பதிவு செய்வதும் அதில்தான், அரசு உதவித் தொகை வந்ததை அறிவதும் அதில்தான். 2020இல் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, சிறுமியராக இருந்த எங்களுக்கு அதுவே கரும்பலகையாகவும் விளங்கிற்று. கைப்பேசி பழுதான வீட்டில் அன்று படிப்பும் நின்றுபோயிற்று. ஆகவே எந்தக் கைப்பேசியை வாங்குவது என்பது பொழுதுபோக்குக் கேள்வியன்று. குடும்பத்தின் நலனைப் பற்றிய கேள்வியாகும்.

கடைக்குச் சென்றால் இரண்டு வகைக் கைப்பேசிகள் நம்மை அழைக்கின்றன. ஒன்று, எல்லோரும் அறிந்த நிறுவனத்தினுடையது, விலை அதிகம். மற்றொன்று, நாம் அதிகம் கேள்விப்படாத பெயர் தாங்கியது, அதே வசதிகள் உண்டு என்கிறார்கள், விலையோ குறைவு. இவற்றுள் எதைத் தேர்வது? “பெயர் பெற்றதையே வாங்கு” என்பார் சிலர். “பெயருக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்?” என்பார் வேறு சிலர். இவ்விரு கூற்றுகளையும் சற்றே ஆராய்வோம்.

பெயர் மட்டும் போதுமா?

பெரிய பெயர் என்பது நிலையான பெயர் அன்று என்பதற்கு வரலாறே சான்று. ஒரு காலத்தில் நம் நாட்டில் கைப்பேசி என்றாலே நோக்கியாதான். நம் திருப்பெரும்புதூரில் 2006இல் அந்நிறுவனம் திறந்த தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கான இளைஞர்களும் இளம்பெண்களும் பணியாற்றினர். 2014ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. தென்கொரியாவின் எல்.ஜி. நிறுவனம் குளிர்பெட்டிக்கும் சலவை இயந்திரத்திற்கும் இன்றும் புகழ் பெற்றது. ஆனால் 2021 ஏப்ரல் 5 அன்று கைப்பேசித் தொழிலை விட்டே விலகுவதாக அறிவித்தது. 2016இல் சாம்சங் நிறுவனம் வெளியிட்ட கேலக்ஸி நோட் 7 என்னும் விலையுயர்ந்த கைப்பேசியின் மின்கலங்கள் தீப்பற்றியதால், சுமார் 25 லட்சம் கருவிகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் அதன் உற்பத்தியே நிறுத்தப்பட்டது. பெரிய நிறுவனமும் தவறு செய்யும் என்பது இதனால் விளங்குகின்றது. எனினும் அந்நிறுவனம் கருவிகளைத் திரும்பப் பெற்றுப் பணத்தையோ மாற்றுக் கருவியையோ அளித்தது என்பதையும் நாம் மறத்தல் கூடாது. தவறு நேர்ந்தபின் பொறுப்பேற்க ஒருவர் இருந்தார் என்பதே இதில் நாம் கற்கும் பாடம்.

இனி மறுபக்கத்தைக் காண்போம். 2014 ஜூலையில் ஷியோமி என்னும் சீன நிறுவனம் நம் நாட்டில் கால் வைத்தபோது, அதன் பெயரை எப்படி உச்சரிப்பது என்றே பலருக்குத் தெரியாது. கடைகளில் அது கிடைக்கவில்லை. இணையம் வழியாக மட்டுமே விற்கப்பட்டது. மூன்றே ஆண்டுகளில், 2017இன் இறுதிக் காலாண்டில், இந்தியாவில் திறன்பேசி விற்பனையில் அது முதலிடத்தை அடைந்தது. அன்று துணிந்து வாங்கியவர்கள் குறைந்த விலையில் நல்ல கருவியைப் பெற்றனர். அதே சமயம், 2014இன் இறுதிக் காலாண்டில் சாம்சங்கையே விற்பனையில் முந்திவிட்டதாகக் கனாலிஸ் என்னும் சந்தை ஆய்வு நிறுவனம் கணித்த நம் நாட்டு மைக்ரோமாக்ஸ், சில ஆண்டுகளிலேயே பின்தங்கிப் போயிற்று.

ஆகவே, பெயர் தெரியாதது என்பதால் ஒரு பொருள் தரமற்றதாகிவிடாது. பெயர் தெரிந்தது என்பதால் அது என்றும் நிலைத்திருக்கும் என்றும் சொல்வதற்கில்லை. எல்லோரும் அறிந்த பெயர்களை மட்டுமே வாங்குவது என்று மக்கள் முடிவு செய்திருந்தால், புதியவர் எவரும் சந்தைக்குள் நுழைந்திருக்க முடியாது, விலையும் இறங்கியிருக்காது.

விலை மட்டும் போதுமா?

சரி, பெயரை விட்டுவிட்டு விலையை மட்டும் பார்த்து வாங்கலாமே என்றால், அதற்கும் ஒரு பாடம் உண்டு. 2016 பிப்ரவரியில் நொய்டாவைச் சேர்ந்த ரிங்கிங் பெல்ஸ் என்னும் பெயர் தெரியாத நிறுவனம் ‘ஃப்ரீடம் 251’ என்ற கைப்பேசியை 251 ரூபாய்க்குத் தருவதாக அறிவித்தது. பதிவு தொடங்கிய அன்றே மக்கள் முண்டியடித்ததில் அந்நிறுவனத்தின் இணையதளம் செயலிழந்தது. பத்திரிகையாளர்களுக்குக் காட்டப்பட்ட மாதிரிக் கருவியிலோ, வேறொரு நிறுவனத்தின் பெயர் வெள்ளை மையால் மறைக்கப்பட்டிருந்தது! திரை, மின்கலம், மின்சில் ஆகியவற்றின் அடக்க விலையே 251 ரூபாயைப் போலப் பன்மடங்கு ஆகுமே என்று தொழில் துறையினர் அன்றே எச்சரித்தனர். பதிவு செய்தோரில் பெரும்பாலோர் கைக்குக் கைப்பேசி வந்து சேரவேயில்லை. 2017இல் விநியோகஸ்தர் ஒருவரின் புகாரின்பேரில் அந்நிறுவன இயக்குநர் கைது செய்யப்பட்டார். ‘மின்னுவதெல்லாம் பொன்னல்ல’ என்னும் பழமொழி எவ்வளவு உண்மை!

பெயர் தெரியாத நிறுவனங்கள் எல்லாம் இப்படிப்பட்டவை என்று நாம் கூறவில்லை. அவை விலையைக் குறைப்பதற்கு நேர்மையான காரணங்களும் உண்டு. இன்று பெரும்பாலான நிறுவனங்கள் கைப்பேசியின் எல்லாப் பாகங்களையும் தாமே செய்வதில்லை. கைப்பேசியின் மூளை எனத்தக்க மின்சில்லைக் குவால்காம், மீடியாடெக், யூனிசாக் போன்ற ஒரு சில நிறுவனங்களிடமே பலரும் வாங்குகின்றனர். பாகங்களைப் பூட்டித் தரும் வேலையைச் செய்வதற்கும் தனித் தொழிற்சாலைகள் இருக்கின்றன. ஆதலால் ஒரு சிறிய நிறுவனமும் நல்ல பாகங்களை வாங்கி நல்ல கருவியை உருவாக்க முடியும். நடிகர்களையும் கிரிக்கெட் வீரர்களையும் கொண்டு விளம்பரம் செய்யாமல், இலாபத்தைக் குறைத்துக்கொண்டு விற்றால் விலை இயல்பாகவே குறையும்.

ஆனால் விலையைக் குறைக்கும் வேறு வழிகளும் உள்ளன. பழைய மின்சில்லைப் பயன்படுத்தலாம். பழுது பார்க்கும் நிலையங்களை அமைக்காமலே விடலாம். விற்றபின் மென்பொருளைப் புதுப்பிக்காமல் கைவிடலாம். வேண்டாத செயலிகளை முன்கூட்டியே திணித்து, அவற்றின் உரிமையாளர்களிடம் பணம் பெறலாம். இவற்றுள் கடைசியில் சொன்ன செயலிகளால் நேரும் தீங்கு சாதாரணமானதன்று. 2016 நவம்பரில் அமெரிக்காவில் கிரிப்டோவயர் என்னும் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஓர் உண்மையை வெளியிட்டது. அந்நாட்டில் மலிவு விலையில் விற்ற புளூ நிறுவனக் கைப்பேசிகளில், அடப்ஸ் என்னும் சீன நிறுவனத்தின் மென்பொருள் இருந்தது. அது உரிமையாளர்களின் குறுஞ்செய்திகளையும் தொடர்பு எண்களையும் அவர்கள் அறியாமலே 72 மணி நேரத்திற்கு ஒரு முறை சீனாவிலுள்ள கணினிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. சுமார் 1,20,000 கருவிகள் இவ்வாறு பாதிக்கப்பட்டிருந்தன. பணத்தைக் குறைத்துக் கொடுத்தவர்கள் தம் அந்தரங்கத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள்!

அப்படியானால் நேர்மையான மலிவையும் நேர்மையற்ற மலிவையும் எவ்வாறு பிரித்தறிவது? அதற்கு ஆறு கேள்விகள் போதும் என்பது எங்கள் கருத்து.

கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

முதற் கேள்வி: இதற்குப் பொறுப்பாளர் யார்? நம் நாட்டுச் சட்டப்படி, பெட்டியின் மேல் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், அதிகபட்சச் சில்லறை விலையும், நுகர்வோர் தொடர்பு கொள்ள வேண்டிய எண்ணும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனமாகிய பி.ஐ.எஸ்.இல் பதிவு செய்ததைக் காட்டும், ‘ஆர்’ என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கும் எண்ணும் இருக்க வேண்டும். ‘பி.ஐ.எஸ். கேர்’ என்னும் செயலியில் அந்த எண்ணை இட்டால் அது உண்மையா, போலியா என்பது தெரிந்துவிடும். அடுத்து, ஒவ்வொரு கைப்பேசிக்கும் ஐ.எம்.இ.ஐ. எனப்படும் 15 இலக்க அடையாள எண் உண்டு. *#06# என்று அழுத்தினால் அது திரையில் தோன்றும். பெட்டியில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றாக இருத்தல் வேண்டும். கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை இட்டு, இடைவெளி விட்டு அந்த 15 இலக்கங்களையும் சேர்த்து 14422 என்ற எண்ணிற்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையின் பதிவேட்டிலிருந்து பதில் வரும். ‘போலி எண்’, ‘ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது’ என்பன போன்ற பதில் வந்தால் அந்தக் கைப்பேசியைத் தொடவே வேண்டாம்.

இரண்டாம் கேள்வி: பழுதானால் எங்கே கொண்டுபோவது? கைப்பேசி கீழே விழாத வீடு உண்டா? திரை உடைந்தால் மாற்றுத் திரை கிடைக்க வேண்டும். இதை அறிய ஓர் எளிய வழி உண்டு. வாங்குவதற்கு முன்பே அந்நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குத் தொலைபேசியில் பேசி, “இந்த மாடலுக்கு டிஸ்ப்ளே இருக்கிறதா? மாற்ற எவ்வளவு ஆகும்?” என்று கேட்பதே அது. கூடவே, ஊரில் செல்போன் பழுது பார்க்கும் அண்ணனிடமும் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. எந்தக் கம்பெனிக்கு உதிரி பாகம் வரும், எதற்கு வராது என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் யார்?

மூன்றாம் கேள்வி: மென்பொருளை எத்தனை ஆண்டுகள் புதுப்பிப்பார்கள்? நோய் வராமல் தடுப்பூசி போடுவதைப் போல, கைப்பேசிக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் தேவை. கூகுள் நிறுவனம் 2015 முதல் ஆண்ட்ராய்டுக்கான திருத்தங்களைத் தொடர்ந்து வெளியிட்டு வருகின்றது. ஆனால் அவற்றை நம் கருவிக்குக் கொண்டுவந்து சேர்ப்பது கைப்பேசி நிறுவனத்தின் பொறுப்பாகும். அது சேர்க்காவிட்டால், நாளடைவில் புதிய திருடர்களுக்குப் பழைய பூட்டு எளிதில் திறந்துகொள்ளும். கூகுள் தன் பிக்சல் 8 கைப்பேசிக்கு 2023இல் 7 ஆண்டுகள் என்று வாக்களித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 ஆண்டுகள் புதுப்பிப்புகளும், 7 ஆண்டுகள் உதிரி பாகங்களும் தர வேண்டும். நம் நாட்டில் அத்தகைய கட்டாயம் இல்லாததால் நாமேதான் கேட்டறிய வேண்டும். கடையிலேயே ‘செட்டிங்ஸ்’ பகுதியைத் திறந்து, பாதுகாப்புத் திருத்தம் எந்த மாதத்தினது என்று பார்க்கலாம். புதிய கைப்பேசியிலேயே ஓராண்டுக்கு முந்தைய தேதி இருந்தால், பிறகு என்ன நடக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். மேலும், ஆண்டுக் கணக்கு பெரும்பாலும் அந்த மாடல் வெளியான நாளிலிருந்து தொடங்குமேயன்றி, நாம் வாங்கிய நாளிலிருந்து அன்று.

நான்காம் கேள்வி: நம் ஊர்க் கோபுரத்தோடு இது பேசுமா? வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு அலைவரிசைகள் பயன்படுகின்றன. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த அறியாத கைப்பேசியில் நம் அலைவரிசைகள் சில இல்லாமல் போகலாம். ஜியோ நிறுவனம் 2016இல் தொடங்கியபோதே 4ஜி மட்டுமே கொண்டு தொடங்கியது. அதில் 2ஜி, 3ஜி கிடையாது. ஆகவே 4ஜி வழியாகவே குரலை அனுப்பும் ‘வோல்ட்டி’ வசதி இல்லாத கருவியில் அந்தச் சிம்மைப் போட்டு வழக்கம்போல் அழைத்துப் பேச இயலாது. நம் நாட்டில் 5ஜி 2022 அக்டோபர் முதல் நாள் தொடங்கிவைக்கப்பட்டது. பெட்டியில் ‘5ஜி’ என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. நாம் பயன்படுத்தும் நிறுவனத்தின் அலைவரிசையை அது ஏற்குமா என்று பார்க்க வேண்டும். கடையிலேயே நம் சிம்மைப் போட்டு ஒரு நிமிடம் பேசிப் பார்ப்பது சாலச் சிறந்தது.

ஐந்தாம் கேள்வி: எழுதியிருக்கும் எண்கள் உண்மையில் எதைக் குறிக்கின்றன? ‘8 + 8 = 16 ஜி.பி. ராம்’ என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். இதில் முதல் எட்டே உண்மையான நினைவகம். இரண்டாவது எட்டு, கோப்புகளைச் சேமிக்கும் இடத்திலிருந்து கடன் வாங்கியது. அது வேகத்தில் மிகக் குறைந்தது. அவ்வாறே, கைப்பேசியின் பின்புறம் நான்கு கேமராக் கண்கள் இருந்தால் நான்கும் நன்கு படமெடுக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அவற்றுள் சில வெறும் 2 மெகாபிக்சல் கொண்டவையாக, அழகுக்கு வைத்தவை போலவே இருக்கும். மெகாபிக்சல் எண்ணைவிட, ஒளியை வாங்கும் உணரியின் அளவும் தரமுமே படத்தின் தெளிவை அதிகம் தீர்மானிக்கின்றன. எண்கள் பொய் சொல்லவில்லை என்றாலும், முழு உண்மையைச் சொல்வதில்லை.

ஆறாம் கேள்வி: இது பாதுகாப்பானதா? மின்கலமும் சார்ஜரும் தரமற்றவையாக இருந்தால் ஆபத்து வீட்டிற்குள்ளேயே வந்துவிடும். சார்ஜரிலும் பி.ஐ.எஸ். பதிவு எண் உள்ளதா என்று பார்க்க வேண்டும். கைப்பேசியிலிருந்து உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அளவு, நம் நாட்டில் 2012 செப்டம்பர் முதல், கிலோகிராமுக்கு 1.6 வாட் என்னும் வரம்பைத் தாண்டக் கூடாது. பல கைப்பேசிகளில் *#07# என்று அழுத்தினால் அந்த அளவு தெரியும்.

ஒரு சிறு கணக்கு

கணக்குப் பாடத்தை வகுப்பறையோடு விட்டுவிடாமல் இங்கும் பயன்படுத்திப் பார்ப்போம். எடுத்துக்காட்டாக, 7,000 ரூபாய்க்கு ஒரு கைப்பேசி வாங்கி, உதிரி பாகம் கிடைக்காமல் ஒன்றரை ஆண்டில் அது பயனற்றுப் போனதாகக் கொள்வோம். ஓராண்டுக்கு ஆன செலவு சுமார் 4,667 ரூபாய். மற்றொன்று 12,000 ரூபாய். நான்கு ஆண்டுகள் உழைத்தது. ஓராண்டுக்கு ஆன செலவு 3,000 ரூபாய்தான். முதலாவது மலிவாகத் தோன்றியது. உண்மையில் விலையுயர்ந்தது அதுவே. ஆனால் அதிகம் அறியப்படாத நிறுவனத்தின் 9,000 ரூபாய்க் கைப்பேசி ஒன்று மூன்று ஆண்டுகள் உழைத்தால், அதற்கும் ஆண்டுச் செலவு 3,000 ரூபாயே. ஆகவே, ‘விலை எவ்வளவு?’ என்பதோடு நில்லாமல் ‘எத்தனை ஆண்டு?’ என்றும் கேட்க வேண்டும்.

எங்கள் வகுப்பில் நடந்தது

இக்கேள்விகளை நாங்கள் ஏட்டளவில் எழுதிவைக்கவில்லை. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அன்னையார் தையல் வேலை செய்து குடும்பத்தைக் காப்பவர். தைக்கக் கொடுப்பவர்கள் அழைப்பதும், கூலியை அனுப்புவதும் கைப்பேசி வழியாகத்தான். தோழியின் அக்காவோ கல்லூரி விண்ணப்பத்தை நிரப்ப வேண்டிய நேரம். பழைய கைப்பேசி திடீரென்று ஓய்ந்துபோயிற்று. சீட்டுப் பணத்தில் 9,000 ரூபாய் எடுத்து வைத்திருந்தார் அந்த அம்மா. கடையில் அறியாத நிறுவனம் ஒன்றின் பளபளப்பான கைப்பேசியைக் காட்டி, “இதே மாதிரி பெரிய கம்பெனியில் வாங்கினால் பதினைந்தாயிரம் ஆகும், அக்கா” என்றார் விற்பனையாளர்.

மறுநாள் மதிய உணவு இடைவேளையில் தோழி எங்களிடம் இதைக் கூறினாள். ஆறு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி அவளிடம் கொடுத்தோம். அன்று மாலை தாயும் மகளும் கடைக்குச் சென்று பெட்டியை வாங்கிப் பார்த்தனர். அதில் இருந்த தொடர்பு எண்ணிற்கு மூன்று முறை அழைத்தும் எவரும் எடுக்கவில்லை. சர்வீஸ் சென்டர் எங்கே என்று கேட்டதற்கு, “சென்னைக்கு அனுப்பினால் வந்துவிடும்” என்று பதில் வந்தது. எத்தனை நாளில் என்பதற்கு விடையில்லை. செட்டிங்ஸில் பார்த்தபோது பாதுகாப்புத் திருத்தத்தின் தேதி ஓராண்டைத் தாண்டியிருந்தது.

அந்த அம்மா அதை வாங்கவில்லை. ஆனால் பெரிய பெயரைத் தேடிக் கடன் வாங்கவும் இல்லை. அதே கடையில், அதிகம் பேசப்படாத வேறொரு நிறுவனத்தின் சென்ற ஆண்டு மாடல் ஒன்று இருந்தது. அதற்குப் பேருந்து நிலையத்தின் அருகிலேயே சர்வீஸ் சென்டர் உண்டு; அங்கே கேட்டபோது திரையின் விலையை உடனே கூறினர்; பதிவு எண்ணும் சரியாக இருந்தது. கேமரா சுமார்தான். “எனக்குப் படம் எடுக்கவா போன்? பேசணும், பணம் வரணும், பிள்ளை படிக்கணும்” என்றாராம் அவர். ஒரு பொருளை வாங்குமுன் தன் தேவை என்ன என்பதைத் தெளிந்திருப்பது எவ்வளவு சிறந்த அறிவு என்பதை அந்தச் சொற்களிலிருந்து நாங்கள் கற்றோம்.

பிறர் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

இன்று இணையத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் நட்சத்திரங்கள் இட்டு மக்கள் கருத்துரைக்கின்றனர். அவற்றுள் பணம் கொடுத்து எழுதச் சொன்னவையும் கலந்திருக்கின்றன. இதனைக் கட்டுப்படுத்தவே பி.ஐ.எஸ். 2022இல் இணையக் கருத்துரைகளுக்கென ஐ.எஸ். 19000 என்னும் தர நெறியை வெளியிட்டது. ஐந்து நட்சத்திரப் புகழ்ச்சியையும் ஒற்றை நட்சத்திரக் கோபத்தையும் ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, மூன்று நட்சத்திரம் இட்டவர் எழுதியதைப் படிப்பது நலம். நிறை குறை இரண்டையும் சொல்பவர் பெரும்பாலும் அவரே. வாங்கிய அன்றே எழுதிய கருத்தைவிட, ஆறு மாதம் பயன்படுத்தியவரின் கருத்து மேலானது. அறியாத நிறுவனமாயின், அதன் முந்தைய மாடலை வாங்கியவர்கள் இன்று என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பதே மிகச் சிறந்த சோதனை. நேற்று வாங்கியவரை அந்நிறுவனம் நடத்திய விதத்தில்தான் நாளை நம்மையும் நடத்தும்.

வாங்கிய பின்னர்

வாங்கியதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. பில் இல்லாமல் வாங்கினால் சிறிது குறையும் என்று யாரேனும் சொன்னால் அதற்கு இணங்கக் கூடாது. பில் இல்லையேல் வாரண்டி இல்லை; வாரண்டி இல்லையேல் நம் வழக்கைக் கேட்பாரும் இல்லை. இணையத்தில் வாங்கினால், பெட்டியைப் பிரிக்கும்போதே மற்றொரு கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளலாம். முதல் வாரத்திலேயே எல்லா வசதிகளையும் சோதித்துவிட வேண்டும்; திருப்பித் தருவதற்கான நாட்கள் சிலவே.

குறை நேர்ந்து நிறுவனம் செவிசாய்க்காவிட்டால் மனம் தளர வேண்டியதில்லை. நம் நாட்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986இல் இயற்றப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் பயனில்லையெனில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் முறையீட்டிற்குக் கட்டணமே இல்லை. ஆனால் முறையிடுவதற்கு எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் வேண்டுமல்லவா? முதற் கேள்வியை நாம் முதலில் வைத்த காரணம் இப்போது விளங்கும்.

முடிவுரை

தோழியரே, நம்முள் பலர் இன்னும் சில ஆண்டுகளில் கல்லூரிக்கோ வேலைக்கோ செல்லவிருக்கின்றோம். முதல் சம்பளத்தில் கைப்பேசி வாங்க எண்ணுவோர் எத்தனை பேர்! ஏற்கெனவே பல வீடுகளில் “நீ படித்த பிள்ளை, பார்த்துச் சொல்” என்று பெற்றோர் நம் கையில்தான் பெட்டியைக் கொடுக்கின்றனர். அப்போது பெட்டியின் மேல் எழுதியிருக்கும் பெயர் பெரிதா, சிறிதா என்று மட்டும் பார்த்தால் பாதியையே பார்த்தவராவோம். அந்தப் பெயருக்குப் பின்னால் பொறுப்போடு நிற்பவர் உண்டா, நாளைக்கும் அவர் நிற்பாரா என்று பார்க்க வேண்டும். நிற்பாரானால், அறியாத பெயரையும் அஞ்சாமல் வாங்கலாம். நில்லாராயின், இலவசமாகக் கிடைத்தாலும் அது நஷ்டமே.

பெற்றோர் வியர்வை சிந்திச் சேர்த்த ஒவ்வொரு ரூபாய்க்கும் மதிப்பு உண்டு. அந்த ரூபாய், கேள்வி கேட்கத் தெரிந்தவர் கையிலிருந்து செல்லட்டும். வெட்கப்படாமல் வினவுவோம், ஆராய்ந்து வாங்குவோம், அறிவோடு பயன்படுத்துவோம்!